புறநகரின் கதை – 14: அரை கிரவுண்டும் அரசாங்கமும்

சென்ற அத்தியாயத்தில் பல்லாவரம், நாகல்கேணி, பம்மல் வட்டாரத்துத் தோல் பதனிடும் ஷெட்டுகளைப் பார்த்தோம். அங்கே வேலை பார்த்தவர்கள் எங்கே குடியிருந்தார்கள் என்ற கேள்வியை இந்த வாரத்துக்குத் தள்ளிவைத்திருந்தேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பம்மல் நகராட்சியில் 75,870 பேர். தோல் ஷெட் தொழிலாளி, விமான நிலையத்தில் சரக்கு ஏற்றி இறக்குபவர், கிண்டித் தொழிற்பேட்டை ஃபிட்டர், பள்ளி ஆசிரியர், ஆட்டோ ஓட்டுநர், பேங்க் குமாஸ்தா என்று எல்லாரும் கலந்த ஊர். இவ்வளவு பேருக்கும் வீடு கொடுத்தது யார்? வீட்டு வசதி வாரியமா, குடிசை மாற்று வாரியமா? இரண்டும் இல்லை. மிகப் பெரும்பாலோர் சொந்தமாக மனை வாங்கித் தாங்களே கட்டிக்கொண்டார்கள். அல்லது அப்படிக் கட்டியவர்களிடம் வாடகைக்கு வந்தார்கள். அதற்காக அரசாங்கத்தை இந்தக் கதையிலிருந்து கழித்துவிட முடியாது. சென்னையின் தெற்குப் புறநகரில் அரசு நடத்திய மிகப் பெரிய மலிவு வீட்டுத் திட்டத்துக்குப் பெயர் கிடையாது, திறப்பு விழா கிடையாது, பட்ஜெட்டில் தனித் தலைப்பும் கிடையாது. சட்டத்தை எழுதி வைத்துவிட்டு அது மீறப்படுவதைப் பல பத்தாண்டுகள் பார்த்துக்கொண்டிருந்ததுதான் அந்தத் திட்டம். அதன் பலனும் பெரிது, பாக்கியும் பெரிது என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

பம்மலுக்கு மக்கள் வந்த காரணங்கள் எளிமையானவை. 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும் மாம்பலம், சைதாப்பேட்டை தாண்டி மீனம்பாக்கம், பல்லாவரம், குரோம்பேட்டை வரை நகரம் நீண்டது. தண்டவாளத்தை ஒட்டிய நிலம் முதலில் விலை ஏறியது. ஸ்டேஷனிலிருந்து மேற்கே பஸ்ஸிலோ சைக்கிளிலோ போகவேண்டிய தூரத்தில் கிடந்த பம்மல், அனகாபுத்தூர், பொழிச்சலூர் நிலம் அதே அளவுக்கு ஏறவில்லை. தோல் ஊறவைத்த தண்ணீரின் நாற்றமும், கல் குவாரியின் தூசியும், தலைக்கு மேலே தாழப் பறக்கும் விமானத்தின் இரைச்சலும் விலையை இன்னும் இறக்கிப் பிடித்திருக்கும். வசதியுள்ளவர் வேண்டாம் என்று ஒதுக்கிய இடமே வசதியற்றவருக்குக் கட்டுப்படியாகும் இடம். நகர வரலாறு எங்கும் இப்படித்தான்.

அந்த நிலம் எப்படி மனையானது என்பதுதான் கவனிக்கவேண்டிய பகுதி. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இல் வந்தது. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் 1974-இல் சட்டபூர்வ அமைப்பானது; முதல் முழுமைத் திட்டத்தின் விதிகள் 1975-இல் நடைமுறைக்கு வந்தன. 1,189 சதுர கிலோமீட்டர் பெருநகரப் பகுதிக்குள் பம்மலும் அடங்கியது. அன்று முதல் இங்கே ஒரு வயலை மனைகளாகப் பிரித்து விற்க வேண்டுமானால் குழுமத்தின் அனுமதி வேண்டும். சாலை இத்தனை அடி அகலம் விட வேண்டும். நிலம் பெரிதானால் சாலை போக மீதியில் பத்தில் ஒரு பங்கைப் பூங்காவுக்கு ஒதுக்க வேண்டும். நடந்ததோ வேறு. அந்தக் காலத்து மனைப் பிரிவு வரைபடம் ஒன்றை விரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அம்மோனியா வாடை அடிக்கும் நீல அச்சுத் தாள், கட்டம் கட்டமாய் எண்ணிட்ட மனைகள், நடுவே இருபது அடிச் சாலை, ஓர் ஓரத்தில் ‘பூங்கா’ என்றோ ‘பொது இடம்’ என்றோ எழுதிய கட்டம், கீழே ஊராட்சித் தலைவரின் கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்பும். இதற்கு ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று பெயர். சட்டப்படி அந்த ஸ்டாம்புக்கு மதிப்பில்லை. ஆனால் வாங்குபவருக்கு அதுவே அரசு முத்திரை. சிறிது காலம் கழித்துப் பார்த்தால் பூங்கா என்று எழுதியிருந்த கட்டத்துக்கும் ஒரு மனை எண் வந்திருக்கும். அதிலும் ஒரு வீடு எழும்பியிருக்கும்.

அனுமதியில்லாத மனை மலிவாக இருந்ததன் ரகசியமும் அந்தத் தாளிலேயே இருக்கிறது. விதிப்படி சாலைக்கும் பூங்காவுக்கும் விட்டால் விற்கக்கூடிய நிலம் குறையும். அனுமதிக்காகக் காத்திருந்தால் வட்டி ஏறும். வடிகாலும் தெருவிளக்கும் போட்டுக்கொடுத்தால் செலவு கூடும். இவை எல்லாவற்றையும் தவிர்த்த புரோமோட்டர், அரை கிரவுண்டை, அதாவது 1,200 சதுர அடியை, மாதத் தவணையில்கூடத் தர முடிந்தது. வாங்கியவர் முதலில் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டார். சம்பள உயர்வு வந்தபோது ஓடு, பிறகு நகைக் கடனில் தளம், மகன் வேலைக்குப் போனபின் மாடி. வீட்டுக் கடன் தரும் நிறுவனங்கள் அனுமதியில்லாத மனையைத் தொடத் தயங்கியதால் கடனே இல்லாமல், அல்லது கைமாற்றிலும் சீட்டுப் பணத்திலும் கட்டி முடித்த வீடுகள் இவை. எந்தத் திட்டத்திலும் பயனாளியாகப் பதியாத ஒரு குடும்பம் இருபது ஆண்டில் வீட்டுச் சொந்தக்காரராவது சின்ன விஷயமல்ல. அதைக் கேலி பேசுகிறவர்கள், அதே காலத்தில் விதிப்படி நகருக்குள் விற்பனைக்கு வந்த மனைகளை ஓர் ஆட்டோ ஓட்டுநர் வாங்கியிருக்க முடியுமா என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

இது மக்களும் புரோமோட்டரும் சேர்ந்து செய்த மீறல், அரசின் கொள்கை என்று எப்படிச் சொல்லலாம் என்று கேட்பவர்கள் உண்டு. சொல்லலாம். ஏனென்றால் மீறலின் ஒவ்வொரு படியிலும் அரசின் ஒரு கை உடனிருந்தது. குழுமம் வேண்டாம் என்ற மனையைச் சார்பதிவாளர் அலுவலகம் பதிவு செய்தது. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் கீழ் சார்பதிவாளர் பார்ப்பது பத்திரத்தை. மனைப் பிரிவுக்கு அனுமதி உண்டா என்று பார்ப்பது அவர் வேலையாக இல்லை. முத்திரைத் தீர்வை அரசுக் கருவூலத்துக்குப் போனது. வீடு எழுந்ததும் உள்ளாட்சி சொத்து வரி போட்டது, மின் வாரியம் இணைப்புக் கொடுத்தது, ரேஷன் அட்டை அந்த முகவரிக்கே வந்தது. தேர்தல் நெருங்கும்போது தெருவுக்குச் சிமென்ட் சாலையும் வந்தது. ஒரு துறை தடுத்ததை ஐந்து துறைகள் ஏற்றுக்கொண்டால், எழுதி வைத்த விதியா, ஐந்து துறைகளின் நடைமுறையா, எது உண்மையான கொள்கை?

அந்தக் கொள்கையை அரசு பின்னர் எழுத்திலும் ஏற்றுக்கொண்டது. 1998-இல் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ பிரிவைச் சேர்த்து, விதிமீறிய கட்டடங்களைக் கட்டணம் வாங்கி வரன்முறை செய்ய வழி வகுத்தார்கள். ஒரே முறைதான் என்ற சலுகை அடுத்தடுத்து நீண்டது; நீதிமன்றம் வரை போனது. மனைகளின் முறை 2016-இல் வந்தது. விளைநிலங்கள் கண்மூடித்தனமாக மனைகளாவதை எதிர்த்த பொதுநல வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு செப்டம்பர் 9 அன்று, அனுமதியற்ற மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று உத்தரவிட்டது. இத்தகைய பதிவைத் தடுப்பதற்காக 2008-இலேயே திருத்தமாக நிறைவேறி உறங்கிக்கிடந்த பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவுக்கு 2016 அக்டோபர் 20 அன்றுதான் உயிர் வந்தது. மனை வியாபாரம் சில மாதங்கள் முடங்கியது. மகள் கல்யாணத்துக்காக அரை கிரவுண்டை விற்கக் காத்திருந்தவர்கள் சார்பதிவாளர் அலுவலக வாசலிலிருந்து திரும்பினார்கள். 2017 மே 4-இல் வரன்முறை விதிகள் வெளிவந்தன: 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப் பிரிவுகளைக் கட்டணம் செலுத்தி முறைப்படுத்திக்கொள்ளலாம், நீர்நிலையிலும் வாய்க்காலிலும் பொது ஒதுக்கீட்டு இடத்திலும் இருப்பவற்றுக்கு மட்டும் கிடையாது. மனுச் செய்யும் கெடு பலமுறை தள்ளிப்போனது. கவனியுங்கள்: சாலையையும் பூங்காவையும் விழுங்கியவர் மனையை விற்றுவிட்டுப் போய்விட்டார். வரன்முறைக் கட்டணத்தின் சுமை பெரும்பாலும் கடைசியாக மனையை வைத்திருப்பவர் தலையில் விழுந்தது.

பாக்கி என்று மேலே சொன்னது இதை மட்டுமல்ல. வரன்முறைச் சான்று ஒரு தாளைச் சரிசெய்யும். இருபது அடிச் சாலையை முப்பது அடியாக்காது, விற்றுப்போன பூங்காவைத் திருப்பித் தராது. பம்மலில் இதை நிலத்துக்கு அடியில் பார்க்கலாம். வீடுகள் முதலில் வந்து சாக்கடைக் குழாய் வராததால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு செப்டிக் டேங்க். அதே அரை கிரவுண்டுக்குள், சில அடிகள் தள்ளி, ஆழ்துளைக் கிணறு. தோல் ஷெட்டுகளின் கழிவு ஏற்கெனவே இறங்கியிருந்த மண் இது. குரோமியம் கலந்த இந்த வட்டார நிலத்தடி நீரைப் பற்றி ஆய்வுகள் பல வந்துள்ளன. குடிக்கத் தொலைவிலுள்ள பாலாற்றுத் தண்ணீரை எதிர்பார்க்க வேண்டும், அல்லது கேன் வாங்க வேண்டும். டேங்க் நிரம்பினால் லாரிக்குச் சொல்ல வேண்டும். வீடு எழுந்தபின் குறுகலான தெருவைப் பெயர்த்துக் குழாய் பதிப்பது, காலி மனையில் பதிப்பதைவிடப் பல மடங்கு செலவும் சிரமமும் பிடிக்கும் வேலை. மனை வாங்கியபோது மிச்சமான பணம், பிறகு தண்ணீர் கேனாகவும் லாரி வாடகையாகவும் வைத்தியச் செலவாகவும் மாதாமாதம் கட்டப்படுகிறது. ஏரிகளின் கதையும் இதில் ஒட்டிக்கொண்டதே. மூங்கில் ஏரியும் திருப்பனந்தாள் ஏரியும் பெயரளவிலாவது மிஞ்சின. அவற்றுக்கு நீர் கொண்டுவந்த கால்வாய்களில் எத்தனை மனைக்குள் மறைந்தன என்பதை மழைக்காலம் ஆண்டுதோறும் கணக்குப் பார்த்துச் சொல்கிறது.

ஆக, மலிவு வேண்டுமானால் வசதி கிடையாது, வசதி வேண்டுமானால் மலிவு கிடையாது என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். அந்த முடிவு தவறு என்பதற்கு ஆதாரம் இதே சென்னையில், இதே காலத்தில் இருக்கிறது. 1977-இல் உலக வங்கியின் கடனுதவியோடு முதலாவது சென்னை நகர வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அதில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய மூன்று இடங்களில் ‘மனையும் வசதியும்’ என்ற முறையைச் செய்து பார்த்தார்கள். கருத்து மிக எளிது. அரசு வீடு கட்டாது. நிலத்தை எடுத்து, சாலை போட்டு, தண்ணீர்க் குழாயும் சாக்கடையும் பதித்து, பள்ளிக்கும் கடைக்கும் இடம் விட்டு, மீதியை மனைகளாகப் பிரிக்கும். மூன்று இடங்களிலுமாக ஏறத்தாழ 13,500 மனைகள் திட்டத்தில் இருந்தன. சிறிய மனை 40 சதுர மீட்டரை ஒட்டியது. நம் கணக்கில் 430 சதுர அடி, அரை கிரவுண்டில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம். அதில் ஒரு கழிப்பறையும் சுற்றிச் சில சுவரும் இருக்கும். மேலே கட்டிக்கொள்வது வாங்குபவர் பாடு. பணத்தை நீண்ட காலத் தவணையில் கட்டலாம். பெரிய மனைகளையும் கடை மனைகளையும் சந்தை விலைக்கு விற்று, அந்த லாபத்தைக் கொண்டு சின்ன மனையின் விலையைக் குறைத்தார்கள். பம்மலில் புரோமோட்டர் செய்த அதே காரியம்தான். வரிசை மட்டும் தலைகீழ். குழாய் முதலில், ஆள் பிறகு.

1980-களின் கடைசியிலேயே இந்த முறையைத் தோல்வி என்று எழுதத் தொடங்கினார்கள். மனைகள் பல ஆண்டுகள் காலியாகக் கிடக்கின்றன, ஏழைகள் வாங்கிய மனையை நடுத்தர வர்க்கத்துக்கு விற்றுவிட்டுப் போகிறார்கள் என்பவை முக்கியக் குற்றச்சாட்டுகள். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டும் அவசரத் தீர்ப்புகள். கையில் காசு சேரச் சேரக் கட்டுகிறவர்களின் குடியிருப்பு ஐந்தாண்டில் நிறையாது. பம்மலும் ஐந்தாண்டில் நிறையவில்லை. சென்னையிலும் மும்பையிலும் இந்தத் திட்டப் பகுதிகளைச் சுமார் இருபது ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் பார்த்த ஓர் ஆய்வு 2018-இல் வெளிவந்தது. அந்த இடங்கள் நன்றாக வளர்ந்து, வீடுகள் நெருங்கி, மாடிகள் உயர்ந்து, பல வருமானக்காரர்களும் கலந்து வாழும் பகுதிகளாகியிருந்தன என்று அது சொல்கிறது. ஏழை விற்றார் என்ற குற்றச்சாட்டுக்கு என் பதில் இது: சாலையும் குழாயும் உள்ள மனையை விற்றவர் அந்த வசதியின் விலையையும் சேர்த்துப் பெற்றார். நடுத்தரக் குடும்பங்கள் அங்கே பாய்ந்து வந்தன என்றால், அவர்களுக்கும் அப்படிப்பட்ட மனைகள் வேறெங்கும் கிடைக்கவில்லை என்றே பொருள். 13,500 போதாமல் போனதற்குப் பரிகாரம் இன்னொரு மடங்கு மனைகள் போடுவது. முறையையே கைவிடுவது அல்ல. கைவிட்டதுதான் நடந்தது. மணலி, மாதவரம் பக்கமும் முகப்பேர் பக்கமும் சில காலம் தொடர்ந்த பின், 1990-களில் உலக வங்கியின் ஆர்வம் உள்ளாட்சிகளுக்குக் கடன் தரும் நிதியங்களின் பக்கம் திரும்பியது. மாநில அரசும் கூடவே திரும்பியது. தெற்குப் புறநகரில், பல்லாவரத்துக்கு மேற்கே, இந்த முறை பெரிய அளவில் வந்து சேரவே இல்லை. வந்திருந்தால் இந்த அத்தியாயத்துக்கு வேறு தலைப்பு.

அதன் இடத்துக்கு வந்தவை இரண்டு. ஒன்று, அரசே அடுக்குமாடி கட்டி நகரின் விளிம்பில் ஏழைகளைக் கொண்டு வைப்பது. 1970-இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் முதலில் குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டிக்கொடுத்தது. அதன் தரத்தைப் பற்றி என்ன குறை சொன்னாலும் வேலைக்குப் போகும் தூரம் மாறவில்லை. 2000-இலிருந்து போக்கு மாறியது. கண்ணகி நகர், எழில் நகர் சேர்த்து 23,700 வீடுகள். செம்மஞ்சேரியில் 6,700-க்கு மேல். பெரும்பாக்கத்தில் 20 ஆயிரத்துக்கு மேல். கண்ணகி நகரில் தொடக்கத்தில் கட்டியவை 200 சதுர அடிக்கும் குறைவு. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இது சாதனை. ஆனால் கூவம், அடையாறு கரைகளிலிருந்து வந்தவர்கள் வீட்டு வேலையையும் மீன் வியாபாரத்தையும் பிள்ளைகளின் பள்ளியையும் விட்டுவிட்டு வர வேண்டியிருந்தது என்பதை யாரும் மறுக்கவில்லை. 2025 மே மாதம் நம் வட்டாரத்திலேயே இது நடந்தது. அனகாபுத்தூரில் அடையாற்றங்கரையில் பல பத்தாண்டுகளாக இருந்த வீடுகள் இடிக்கப்பட்டன. குடும்பங்களுக்குப் பெரும்பாக்கம், கீரப்பாக்கம் போன்ற இடங்களில் வாரிய வீடு ஒதுக்கினார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்கள் ஆற்றங்கரையில் வீடு இருக்கலாம் என்று வாதாட மாட்டார்கள்; நானும் வாதாடவில்லை. கேள்வி வேறு. கரையில் மனை போட்டபோதும் மின் இணைப்புக் கொடுத்தபோதும் இருந்த அதே அரசு, அதே ஊரில் பத்து நிமிட நடையில் ஒரு மாற்று மனையை ஏன் முன்கூட்டியே வைத்திருக்கவில்லை?

இன்னொன்று வட்டி மானியமும் வரிச் சலுகையும். 2015 ஜூன் 25 அன்று தொடங்கிய பிரதம மந்திரி நகர்ப்புற வீட்டு வசதித் திட்டம், ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருப்பவரை நலிந்த பிரிவினர் என்றும், 6 லட்சம் வரை குறைந்த வருவாய்ப் பிரிவினர் என்றும் வகுத்தது. இவர்களுக்கு 6 லட்ச ரூபாய்க் கடன் வரை 6.5 சதவீத வட்டி மானியம். மொத்தத்தில் அதிகபட்சம் 2.67 லட்ச ரூபாய். இந்தச் சலுகை 2022 மார்ச்சோடு முடிந்தது. 2019 ஏப்ரல் முதல் சென்னை போன்ற பெருநகரங்களில் 60 சதுர மீட்டருக்குள், 45 லட்ச ரூபாய்க்குள் இருக்கும் வீட்டுக்கு ஜிஎஸ்டி 1 சதவீதம்தான், மற்றவற்றுக்கு 5. இங்கே பென்சிலை எடுத்துக் கணக்குப் போடலாம். 45 லட்ச ரூபாய் ஃபிளாட்டுக்கு 9 லட்சம் கையிலிருந்து போட்டு 36 லட்சம் கடன் வாங்கினால், 9 சதவீத வட்டியில் இருபது ஆண்டுக்கு மாதத் தவணை 32 ஆயிரத்தைத் தாண்டும். நலிந்த பிரிவினர் என்று அதே அரசு சொல்லும் குடும்பத்தின் உச்சபட்ச மாத வருமானமே 25 ஆயிரம்! ஒரு துறையின் ‘கட்டுப்படியாகும் வீடு’ இன்னொரு துறையின் ஏழைக்குச் சாப்பிடாமல் இருந்தாலும் கட்டுப்படியாகாது. வரிச் சலுகையால் சிலர் பயனடைந்தார்கள். அவர்கள் கீழ்நடுத்தரத்தின் மேல்படியில் நிற்பவர்கள். அவர்களுக்கும் வீடு வேண்டும்தான். ஆனால் அதை ஏழை வீடு என்ற கணக்கில் எழுதக்கூடாது.

அதே திட்டத்தில் பம்மலுக்குப் பொருத்தமான ஒரு பகுதி இருந்தது, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. சொந்த மனையில் தானே கட்டிக்கொள்பவருக்கு மத்திய அரசு 1.5 லட்சம், மாநில அரசு 60 ஆயிரம் என 2.10 லட்ச ரூபாய் மானியம் கிடைத்தது. அரை கிரவுண்டுக்காரரின் பழக்கத்தை அரசு மதித்து நீட்டிய கை இது. ஆனால் பயனாளி பெயரில் பட்டா வேண்டியிருந்தது. ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ மனைக்காரரிடம் பத்திரம் இருக்கும், வரி ரசீது இருக்கும், மின் கட்டண அட்டை இருக்கும். பட்டா இன்னும் பழைய நிலச் சொந்தக்காரர் பெயரிலேயே இருக்கும், அல்லது கூட்டுப் பட்டாவாக இருக்கும். புறம்போக்கில் இருப்பவரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மானியத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பகுதியை நில அளவையருக்கும் தனிப் பட்டாவுக்கும் செலவிட்டிருந்தால் பலன் இன்னும் பலருக்குப் போயிருக்கும் என்பது என் கருத்து.

தனியார் கட்டுமானத்திலிருந்து ஏழைக்கு ஒரு பங்கு வாங்கும் முயற்சியும் நடந்தது. 2008-இல் வந்த இரண்டாவது முழுமைத் திட்டம், பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவுகளில் சாலை போக மீதியில் பத்து சதவீதத்தை நலிந்த பிரிவினருக்கான சின்ன மனைகளாக்க வேண்டும் என்றது. நல்ல விதி. ஆனால் அந்தச் சின்ன மனையை யார் வாங்குகிறார், இரண்டு மூன்றை ஒருவரே வாங்கிச் சேர்த்துக்கொள்கிறாரா என்று பின்தொடர ஓர் ஆள் வேண்டும். பிறகு பெரிய கட்டடங்களிடம் கட்டணமாக வாங்கி வீட்டு நிதியம் ஒன்றில் சேர்க்கும் வழி வந்தது. பணமாக வாங்குவது நிர்வாகத்துக்கு எளிது. பணத்துக்கு முகவரி கிடையாது. பம்மல் பக்கத்தில் வாங்கிய கட்டணம் பம்மல் பக்கத்திலேயே வீடாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாவிட்டால், விளிம்பு இன்னும் வெளியே தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

வாடகையைப் பற்றி நம் கொள்கை வரலாறு பேசுவது குறைவு. புதிதாக வேலை தேடி வருபவருக்கு முதலில் வேண்டியது சொந்த வீடல்ல, ஒரு போர்ஷன். அரை கிரவுண்டுக்காரர் மாடியில் எடுத்த இரண்டு அறைதான் அவருக்குக் கிடைத்தது. பம்மல் வீட்டுச் சொந்தக்காரரின் முதுமைக்கு ஓய்வூதியமும் அந்த வாடகைதான். அட்வான்ஸ் பத்து மாதம் என்பது சென்னை வழக்கம். 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. ஆனால் ஒப்பந்தம் வேறு விதமாகச் சொன்னால் சரி என்று அதே வரியில் கதவையும் திறந்துவைத்திருக்கிறது. வாடகை வீடு தேடிப் போகிறவர் எந்த ஒப்பந்தத்தில்தான் கையெழுத்திட மாட்டார்? தொழிலாளர் விடுதிகளில் மட்டும் அண்மையில் ஒரு பெரிய அடி எடுத்து வைத்தார்கள். ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. தொழிற்சாலைக்குப் பெண்களை அழைப்பவர்கள் படுக்கையையும் யோசிக்க வேண்டும் என்ற புத்தி, தோல் ஷெட் காலத்தில் யாருக்கும் வரவில்லை.

சிங்கப்பூரைப் பாருங்கள் என்று சொல்பவர்களுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். அங்கே அரசே வீடு கட்டி மக்கள்தொகையில் பெரும்பகுதிக்குக் கொடுத்தது உண்மை. 1960-இல் வாரியம், 1966-இல் நிலத்தை எளிதில் எடுக்கச் சட்டம், 1968-இல் சேமநல நிதியிலிருந்து தவணை கட்ட அனுமதி என்று மூன்று கால்களில் அது நின்றது. மாதச் சம்பளமும் சேமநல நிதியும் இல்லாத தொழிலாளிகள் நிறைந்த ஊரில் அந்த மூன்றாவது கால் இல்லை. இரண்டாவதும் கிடையாது, 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டத்துக்குப் பின் நிலத்துக்கு உரிய விலை கொடுத்தே ஆக வேண்டும், கொடுக்கவும் வேண்டும். நமக்கு நெருக்கமான பாடம் இலங்கையில் இருக்கிறது. 1984-இல் அப்போதைய பிரதமர் பிரேமதாசவின் பத்து லட்சம் வீடுகள் திட்டம், அரசு கட்டுவதை விட்டுவிட்டு, கட்டுகிறவருக்குச் சிறு கடனும் தொழில்நுட்ப உதவியும் கொடுக்கும் வழியை எடுத்தது. அங்கும் குறைகள் இருந்தன. ஆனால் கட்டுபவர் மக்கள், ஏற்பாடு செய்பவர் அரசு என்ற வேலைப் பிரிவினை சரியானது.

நிலம் எங்கே இருக்கிறது என்பது கடைசி ஆட்சேபம். பம்மலில் இல்லை; அங்கே இனிச் செய்யக்கூடியது பட்டா, பாதாளச் சாக்கடை, மிஞ்சிய ஏரி ஆகிய மூன்றும்தான். 2021 நவம்பரில் பம்மல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்ததால் சாக்கடைக்காவது ஒரு பெரிய நிர்வாகம் பொறுப்பாகியிருக்கிறது. நிலம் வெளியே இருக்கிறது. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189-இலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்ததும் வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, படப்பை என்று மனைப் பலகைகள் நீண்டுவிட்டன. இந்த முறை அனுமதி பெற்ற மனைகள்தான் அதிகம். 22-ஏ பிரிவின் நல்ல பலன் அது. ஆனால் அனுமதி பெற்ற மனையின் விலை, பம்மலைக் கட்டிய வருமானக்காரருக்கு எட்டாது. அவர் இன்னும் தள்ளி, இன்னொரு ஸ்டாம்பைத் தேடிப் போவார். மூன்றாவது முழுமைத் திட்டத்தைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறது. அதில் புதிதாகச் சேர்ந்த ஒவ்வொரு ஒன்றியத்திலும், ரயில் அல்லது பேருந்துப் பாதையை ஒட்டி, குழாய் பதித்த 400 சதுர அடி மனைகளுக்கான நிலத்தை விலை ஏறும் முன் குறித்து வாங்கிவைக்க வேண்டும். குழுமம் கருத்துக் கேட்கும்போது இதைச் சொல்ல வேண்டியவர்கள் அரை கிரவுண்டுக்காரர்களும் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவர்களும்தான்.

(தொடரும்)